எண் 31

பீடோங் ரயில் கேட்டைத் தாண்டி
செம்பனை லாரிகள் மூச்சு வாங்கி நிற்கும் சாலையில்
முன்பு ரப்பர் ஷீட் காயப்போட்ட புகைக்கூடத்துக்குப் பின்னால்
எங்கள் எலி அறை.
இருபத்திரண்டு டிகிரி.
பன்னிரண்டு மணி வெளிச்சம், பன்னிரண்டு மணி இருட்டு.
இந்த ஊரில் வேறு யாருக்கும்
இவ்வளவு ஒழுங்கான இரவு கிடையாது.

வெளியே எலிக்குக் கணக்கு வேறு.
குலையைக் கடிக்கிறதென்று
நிரைக்கு நிரை ஆந்தைப் பெட்டி நட்டிருக்கிறது தோட்டம்.
உள்ளே ஒரு சுண்டெலி முந்நூறு வெள்ளி.
விமானத்தில் வந்தது.
பிறக்கும் முன்பே அதன் உடம்பிலிருந்து
ஒரு சொல்லை அழித்திருந்தார்கள்.

வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பேர்.
நுரையீரலில் காவல் இருக்கும் செல்லிடம்
"முற்றிவிட்டாய், இனி கொல்லலாம்" என்று
சொல்வது அதுதான்.
சொல் இல்லாவிட்டாலும் செல்கள் வருகின்றன.
முதல் வாரம் நான் இதை நம்பவில்லை.
பெரட்டில் பேர் கொடுக்க வந்ததுபோல் நிற்கின்றன,
தலைக்கணக்கில் குறைவில்லை.
கிருமியை விழுங்கவும் செய்கின்றன.
விழுங்கி,
அப்படியே வைத்திருக்கின்றன.
வெற்றிலையை வாயில் போட்டு
மெல்ல மறந்த ஆள் மாதிரி,
வயிறு நுரைத்து, வெளுத்து.

செவ்வாய் மாலை மூக்கில் ஒரு சொட்டு.
அதற்குள் பத்து லட்சம்.
தும்மின. மீசையைத் துடைத்துக்கொண்டன.
புதன் காலை மயிர் சிலிர்த்து
மூலையில் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.
எடை குறித்தேன். 19.2. 18.1. 17.6.
ஒரு கிராம் என்றால் எவ்வளவு என்று
அந்தத் தராசுக்கும் எனக்கும்தான் தெரியும்.

வியாழன், நாற்பத்தெட்டாம் மணி.
அதைப் பற்றி எழுதப்போவதில்லை.
சீக்கிரம் செய்வேன், கை சூடாக வைத்திருப்பேன், அவ்வளவுதான்.

வெள்ளியன்று தட்டுகளைத் திறந்தேன்.
சொல் உள்ளவற்றில் அங்கொன்றும் இங்கொன்றும் புள்ளி.
சொல் இல்லாதவற்றில் ரவை கொட்டிய தரை.
எண் 31 சொல் இல்லாதது.
அதன் தட்டில் நான்கு.

வால் நுனியை மறுபடி சோதித்தேன்.
இருக்கக் கூடாத இடத்தில் பட்டை இல்லை,
எலி மாறவில்லை.
"சொட்டு உள்ளே போயிருக்காது, தும்மிக் கொட்டியிருக்கும்"
என்றாள் நொராய்னி.
"எடுத்துவிடு கோமளா, வரைபடம் சுத்தமாக இருக்கும்"
என்றார் டாக்டர் சியூ, பாதிக் காப்பியோடு.

இருக்கலாம்.
என் கைதான் நடுங்கியிருக்கும்.
செவ்வாய்க்கு முந்திய இரவு நான் தூங்கவில்லை.
சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில்
தம்பி சுகுமாறனுக்கு வெள்ளணு நானூறு.
கீமோ எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.
தொப்புளுக்குப் பக்கத்தில் தினம் அவனுக்குப் போடும் ஊசியும்
இந்தச் சொல்லுக்கு ஒன்றுவிட்ட உறவுதான்.
நர்ஸ் கேட்டாள், உங்களுக்கு இதெல்லாம் தெரியுமே என்று.
தெரியும் என்று தலையாட்டினேன்.
எலியில் தெரியும்.

எல்லோரும் போன பிறகு
31இன் நுரையீரல் கழுவிய கண்ணாடித் துண்டை எடுத்தேன்.
மற்றவை போலவே நுரை வயிற்றுச் செல்கள்,
மெல்லாத வாய்கள்.
அவற்றுக்கு நடுவில்
மூன்று மடல் கருவோடு சின்னச் சின்னதாய்,
இரத்தத்திலிருந்து வந்தவை,
கும்பலாக.
யார் கூப்பிட்டார்கள், எந்த வழியாக, தெரியாது.
நாளைக்குத் தெரியும் என்றும் சொல்ல முடியாது.
ஒரே ஒரு எலி.

மில்லின் எட்டு மணிச் சங்கு ஊதியது.
மஞ்சள் பையைக் கட்டி, மேலே தேதி எழுதி,
எரிக்கும் லாரிக்காக வெளியே வைத்தேன்.
மரத்துக்குள் எங்கோ ஓர் ஆந்தை
வேலைக்குக் கிளம்பிவிட்டது.

குறிப்பேட்டில், பேனாவால்:
31. நான்கு.
மறுபடி எண்ணியது. நான்கு.
நீக்கவில்லை.